ஏலக்காட்டுக்கு மேல் இருந்த வானம்

ஏலக்காட்டுக்குள் வானம் கிடையாது. இலைக்கும் இலைக்கும் நடுவே கிழிசலாகத் தெரிவதை வானம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் எனக்கு மூச்சு முட்டியதற்கு அதுதான் காரணம் என்று வெகுநாள் கழித்தே புரிந்தது. நான் போடிக்காரி. மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டே, மேற்கே மலை நீலமாக எழுந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். அந்த நீலத்துக்குள்ளேயே குடிபோன பிறகு நீலத்தைக் காணவில்லை. பச்சை இருந்தது. பச்சைக்குள் இருட்டு இருந்தது, இருட்டுக்குள் ஈரம், ஈரத்துக்குள் அட்டை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்ததே தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே மேலே என்ன நடக்கிறது என்பதை நாங்கள் காதால்தான் அறிந்தோம். இருவாட்சிப் பறவை போனால் இறக்கை விசிறும் சத்தம். மழை வந்தால் அது இலையைத் தொட்டு வெகுநேரம் கழித்துத்தான் எங்கள் தலையைத் தொடும். சில முற்பகல்களில் ஒரு விமானம் போகும். கொழும்பிலிருந்து பம்பாய்க்குப் போவது என்று சொல்லிக்கொள்வார்கள். காட்டுக்குள் இருந்துகொண்டு அதை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. உறுமல் ஒரு பக்கம் பிறந்து மறுபக்கம் செத்துப்போகும். போனது திரும்பாது. அதனால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

திரும்பி வந்த விமானம்தான் எங்களைப் பிடித்து ஆட்டியது.

காடு என் மதினியுடையது. மதினி என்றால் என் கணவரின் மூத்த அக்கா. புருஷன் மலைக்காய்ச்சலில் போன பிறகு, போடிமெட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த அந்தக் குத்தகைக் காட்டை ஒற்றை மனுஷியாகக் கட்டி ஆண்டவர். என் கணவர் போடியில் ஏலக்காய் மண்டியில் இருந்தார். கிளை கழிக்கும் கவாத்துக் காலத்திலும் காய் எடுக்கும் காலத்திலும் மதினிக்குத் துணையாக நான் மலையேறுவேன். துணை என்று சொன்னது என் கணவர். மதினியின் கணக்கில் நான் மண்டியிலிருந்து அனுப்பிய வேவுக்காரி. அதை அவர் ஒளிக்கவுமில்லை. 'ஒன் புருசன்கிட்டப் போயிச் சொல்லு' என்றுதான் எந்தப் பேச்சையும் முடிப்பார். மூட்டையின் வாயைத் தன் கையால் கட்டி, தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போடுவார். ஆள்கள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்பார். சிரிக்காவிட்டாலும் கேட்பார்.

ஆனால் அந்த மலையில் சந்தேகப்படாமல் இருக்கவும் முடியாது. எது யாருடையது என்பது அங்கே அப்படிச் சிடுக்காகக் கிடந்தது. மண் சர்க்காருடையது, எங்களுக்குக் குத்தகை. மண்ணில் நிற்கும் ஏலச்செடி எங்களுடையது. செடிக்கு நிழல் தரும் மரம் எங்களுடையதல்ல. அது வனத்துறையின் மரம். மரத்தில் தொங்கும் தேன் மலைவாசிகளுடையது. அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள், நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊற்று மேல்காட்டுக்கும் கீழ்க்காட்டுக்கும் பொது. மதினிக்கு உண்மையாகச் சொந்தம் என்று சொன்னால், வேரிலிருந்து ஏலச்செடியின் நுனி வரைக்கும் உள்ள காற்றுத்தான். அதற்கு மேலே அடுக்கடுக்காக வேறு வேறு ஆள்கள். பிற்பாடு வானத்தையும் அப்படித்தான் அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, எங்களுக்குத்தான் அது சட்டென்று புரிந்தது.

அது ஐம்பத்தாறாம் வருடம். மொழியைப் பார்த்து மாநிலங்களைப் பிரிக்கப்போகிறார்கள், மலை எந்தப் பக்கம் போகும் என்று போடியில் டீக்கடை டீக்கடையாகப் பேச்சு. மதினிக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அடுத்த பங்குனியோடு குத்தகை முடிகிறது. புதுப்பித்துக் கொடுப்பதற்கு முன்னால் அதிகாரிகள் காட்டைப் பார்ப்பார்கள். மேல் சரிவிலோ இலைக்கூரையில் ஒரு பொத்தல் இருந்தது.

முந்தின வருடக் காற்றில் ஒரு சந்தன வேம்பு வேரோடு சாய்ந்துவிட்டது. பெரிய மரம். விழுந்த மரமும் சர்க்கார் மரம்தான். வனக்காவலருக்குச் சொல்லி, அவர் வந்து பார்த்து, அவர் மேலே எழுதி, அவர்கள் வந்து எடுத்துப்போக வேண்டும். அதற்குள் உளுத்துப் போகும். மதினி சொல்லவில்லை. ஆள் விட்டு அறுத்து, காய் உலர்த்தும் ஸ்டோருக்கு உத்தரமும் பலகையுமாக ஏற்றிவிட்டார். தூரை மண் போட்டு மூடி அதன்மேல் ஏலம் நட்டார். தரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காவலர் பாதையில்தான் நடப்பார். பாதையை விட்டு உள்ளே வந்தால் அட்டை. அந்தப் பொத்தலின் வழியாகத்தான் எனக்கு மலையில் முழு வானம் கிடைத்தது. மதினி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார்.

வைகாசியில் கவாத்து தொடங்கியது. மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். கிளை கழிக்க மட்டும் குத்தகைக்காரருக்கு உரிமை உண்டு. கழிக்காவிட்டால் மழைக்காலம் முழுக்க இலை சொட்டிக்கொண்டே இருக்கும், செடியின் அடி ஆறாது, அடியில் காய் பிடிக்கும் சரத்திலேயே காய் அழுகிப்போகும். ஏலம் வைத்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

குரங்கணியிலிருந்து வந்த மரமேறும் ஆள் ஒரு பலாவின் உச்சிக் கவட்டில் உட்கார்ந்திருந்தான். கழித்த கிளைகளை நாங்கள் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது அந்தச் சத்தம் வந்தது. வழக்கமான சத்தமல்ல. தாழ்வாக, பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற மாதிரி. மேலே இருந்தவன்தான் எங்களுக்குக் கண்.

“சின்னதா இருக்கு ஆத்தா,” என்றான். “மெட்டுப் பக்கமாப் போகுது.” கொஞ்ச நேரம் வெட்டினான். பிறகு அரிவாள் சத்தம் நின்றது. “திரும்புது.”

“எங்கிட்டுத் திரும்புது?”

“வந்த வழிதான். ஒரு சால் தள்ளித் திரும்புது.”

மதினி கையிலிருந்த கிளையைக் கீழே போட்டார். ராசிங்காபுரத்தில் புன்செய் உழுத வீட்டில் பிறந்தவர். சால் என்றால் ஏர் கிழிக்கும் கோடு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். போகிறவன் போய்க்கொண்டே இருப்பான். சாலுக்குச் சால் ஒட்டித் திரும்புகிறவன் ஒன்று உழுகிறான், அல்லது அளக்கிறான். வானத்தை உழ முடியாது.

“எறங்கு,” என்றார்.

“பாதிக் கெளை நிக்குது ஆத்தா.”

“எறங்குன்னா எறங்கு. அரிவாளக் கக்கத்துல மறைச்சுக்கிட்டு எறங்கு.”

பொத்தலுக்கு ஓடினேன். போகாதே என்று மதினி சைகை செய்தார், கேட்கவில்லை. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளையாக, ஒரு சின்ன உடம்பு, வெயிலில் பளிச்சென்று. அவ்வளவு அழகாக ஒன்றை அந்த மலையில் நான் அதுவரை பார்த்ததில்லை. அது என்னைப் பார்த்ததா என்பதுதான் பிறகு வந்த பல வருடங்களுக்கு எங்கள் வீட்டுக் கேள்வி.

மறுநாளும் வந்தது. அன்றைக்கே நாங்கள் ஜீப்புப் பிடித்துப் போடிக்கு இறங்கினோம்.

போடியில் மைக்செட்டு வாடகைக்கு விட்டு ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒருவர் இருந்தார். யுத்தத்தின்போது ஏதோ ஒரு விமானத் தளத்தில் வேலை பார்த்தவர். ஊரே அவரை ஏர்போர்ஸ்காரர் என்றது. 'நாங்க பறக்கையில' என்றுதான் எந்தக் கதையையும் தொடங்குவார். அவர் பறந்தவரில்லை, தரையில் நின்று பெட்ரோல் ஊற்றியவர் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். கடையில் எப்போதும் ஏதாவது ஒரு ரேடியோ வயிறு திறந்து கிடக்கும். மதினி பொத்தலைப் பற்றி மூச்சு விடவில்லை. காட்டுக்கு மேலே ஒரு ப்ளேன் கேட்காமல் சுற்றுகிறது, வக்கீல் வைத்துத் தடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு அந்த மாதிரி ஒரு கேள்விக்காகவே காத்திருந்த முகம். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ரேடியோவின் பின்தட்டை எடுத்து அதில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு விளக்கினார்.

ஒரு நாட்டின் மண் எதுவரைக்கும் போகிறதோ, அதற்கு நேர் மேலே உள்ள வானமும் அந்த நாட்டுடையதுதான் என்றார். கடலில் கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் வரை நம்முடையது, அதற்கு மேலேயும் நம் வானம். நடுக்கடலுக்கு மேலே இருப்பது யாருடையதும் இல்லை, எவனும் போகலாம். யுத்தம் முடியும் தறுவாயில் பல நாடுகள் கூடி உட்கார்ந்து இதைக் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டிருக்கின்றன. கொழும்பு விமானம் நம் தலைமேல் போகிறதென்றால் கேட்டுக்கொண்டு, சொன்ன பாதையில், சொன்ன உயரத்தில் போகிறது என்று பொருள். பட்டாளத்து விமானம் என்றால் அதுவும் முடியாது. தனியாகச் சம்மதம் வாங்காமல் எல்லைக்குள் மூக்கை நீட்டக் கூடாது.

மதினி இதையெல்லாம் மண்டியில் விலை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப மெட்டுக்கு இந்தாண்ட மெட்ராசு வானம், அந்தாண்ட திருவாங்கூர் வானமா?”

“இல்லக்கா. மண்ணுலதான் அந்தப் பிரிவினை. மேல பூராவும் டில்லி.”

“மலை எந்தப் பக்கம் போனாலும்?”

“எந்தப் பக்கம் போனாலும்.”

“நல்லாருக்கு. அடுத்த ஊர்க்காரன் கேட்டுட்டு வரணும். நம்ம ஊர்க்காரன் கேக்காம வருவான்.”

ஏர்போர்ஸ்காரர் சிரித்தார். நியாயமான உயரத்தில் பறக்கும் விமானத்தின் மீது நிலத்துக்காரர் அத்துமீறல் வழக்குப் போட முடியாது, வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் வந்துவிட்டது என்றார். நியாயமான உயரம் என்றால் எவ்வளவு என்று மதினி கேட்டார். அது இடத்தைப் பொறுத்தது என்றார். ஊர் என்றால் ஒன்று, பொட்டல் என்றால் ஒன்று. “காடுன்னா?” காடு என்றால், என்று இழுத்தார்.

ஆனால் பறக்கவே கூடாத இடங்களும் உண்டு என்று அவர் சொன்னபோது மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். சில இடம் பூராவும் விலக்கு. சில இடத்தில் நிபந்தனையோடு போகலாம். சில இடம் ஆபத்து, பட்டாளம் பீரங்கி சுட்டுப் பழகும் மைதானம் மாதிரி. போவது உன் பாடு. பம்பாயில் பார்சிக்காரர்கள் தங்கள் இறந்தவர்களைக் கழுகுக்கு வைக்கும் இடத்துக்கு மேலே எந்த விமானமும் போகக் கூடாது. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்றார்.

“பொணத்த மேலருந்து பாக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுருக்கான்,” என்றார் மதினி. “உசுரோட இருக்கவளப் பாக்கலாம்.”

எதுவரைக்கும் உயரம் நாட்டுக்குச் சொந்தம் என்று நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் சுண்ணாம்புக் கோட்டைத் தகட்டின் விளிம்பு வரைக்கும் இழுத்தார். விளிம்புக்கு அப்பால் என்று கேட்டேன். தகட்டைத் திருப்பிப் பார்த்தார். அதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை என்று அன்று உள்ளுக்குள் சிரித்தேன். மறு வருடம் ரஷ்யாக்காரன் விட்ட செயற்கைச் சந்திரன் எந்த நாட்டையும் கேட்காமல் எல்லா நாட்டுக்கும் மேலே சுற்றிக்கொண்டு போனபோதுதான், அந்தப் பதில் யாருக்குமே தெரியாது என்று விளங்கியது.

எல்லாம் முடிந்து எழுந்தபோது, போகிற போக்கில் மதினி கேட்டார், அதில் போட்டோ எடுப்பானா என்று. அங்கேதான் எங்கள் விதி திரும்பியது. விமானத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சும்மா ஏறிவிட முடியாது என்றார் அவர். ஆகாயத்திலிருந்து படம் பிடிக்க டில்லியின் அனுமதி வேண்டும். சால் போட்டுப் பறக்கிறதென்றால் படம்தான் எடுக்கிறது, படம் எடுக்கிறதென்றால் சர்க்கார் வேலைதான். “கவலப்படாதீக அக்கா. திருட்டு ப்ளேனு இல்ல.”

ஆறுதலாகத்தான் சொன்னார். திருட்டு ப்ளேனாக இருந்திருந்தால் மதினி அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பிறகு, எந்த முகடு, பக்கத்தில் யார் காடு என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மதினி குரங்கணிப் பக்கம் என்று பொய் சொன்னார். ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, டிரைவருக்குக் கேட்காமல் என் காதில் சொன்னார்: “அவன் எதுக்கு எந்த மொகடுன்னு கேட்டான்? ரேடியோக்காரனுக்கு மொகட்டுல என்ன சோலி?”

கவாத்து நின்றது. கிளை கழித்த மரம் மேலிருந்து பார்த்தால் வெட்டிய மரம் போலத் தெரியும் என்பது மதினியின் பயம். ஏற்கெனவே ஒரு பொத்தல், அதைச் சுற்றி மொட்டையாக நாலு மரம் நின்றால் மேல் சரிவையே அழித்துவிட்டாள் என்று எழுதிவிடுவான். நிழல் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு யோக்கியம். கழித்துக் கீழே போட்ட கிளைகளையே கயிறு கட்டி மேலே ஏற்றச் சொன்னார். மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, பொத்தலின் மேல் பச்சைக் கிளையால் ஒரு பந்தல். வானத்துக்குப் பந்தல். மரமேறும் ஆள் தாலி கட்டுறது யாருக்குங்க ஆத்தா என்று கேட்டு வசவு வாங்கினான்.

இரண்டொரு நாளில் இலை வாடியது. பிறகு காய்ந்தது. பச்சைக் காட்டின் நடுவே செந்தவிட்டு நிறத்தில் ஒரு பெரிய தேமல். முன்பு பொத்தலாக இருந்தபோது மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ, இப்போது நிச்சயமாகப் படும். மதினி அதைப் பிரிக்கவும் விடவில்லை. பிரித்தால் மறைத்தது தெரிந்துபோகுமாம்.

பல வருடம் கழித்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு முறை விமானத்தில் போனேன். ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டே போனேன். கீழே மண்ணின் நிறங்கள் மட்டும் இருந்தன. யாருடையது எது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒரு மரம் நின்றதா விழுந்ததா என்று அந்த உயரத்திலிருந்து யாரால் சொல்ல முடியும் என்று நினைத்தேன். நினைத்த உடனே, கேமராவின் கண் உன் கண்ணா என்றும் ஒரு குரல் கேட்டது. மதினியோடு மலையில் இருந்தவளுக்கு அந்தக் குரல் போவதேயில்லை.

கீழ்ச் சரிவுக் காடு கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலையாளத்துக்காரருடையது. அவருடைய சந்தேகமே வேறு. மாநிலப் பிரிவினை நேரமாகப் பார்த்து, தமிழ்க் காடு எவ்வளவு மலையாளக் காடு எவ்வளவு என்று கணக்கெடுக்க மெட்ராசுக்காரர்கள் அனுப்பிய விமானம் என்று அவர் நினைத்திருந்தார். மெட்ராசுக்கு அதில் உரிமையில்லை, மேலே எல்லாம் டில்லி என்று நான் புதிதாகக் கற்றதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவளுக்கு எப்படித் தெரியும் என்கிற பார்வை. ஆனாலும் அவர் தன் கவாத்தை நிறுத்தவில்லை. மழைக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. ஒருநாள் மேலே ஏறி வந்து, மதினியின் இருண்ட காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் ஆள்களை அனுப்பட்டுமா என்று கேட்டார்.

“ஆகாசம் நோக்கி நிக்கண்டா சேச்சி. கவாத்து முடிக்கு. மழை வருன்னு.”

வானத்தைப் பார்த்து நிற்காமல் வேலையை முடிக்கச் சொன்னவருக்கு மதினி மோர் கொடுத்து அனுப்பினார். அவர் தலை மறைந்ததும் மோர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “நம்மள வெட்ட வச்சு, படத்துல விழ வச்சுட்டு, அந்தாளு தன் காட்டு எல்லைய மேல தள்ளிப் போட்டுக்கிரலாம்னு பாக்குறான்.” எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தன் ஆள்களை ஏன் இனாமாக அனுப்புகிறேன் என்கிறார் என்று ஒரு நொடி நானும் யோசித்தேன். சந்தேகம் சளி மாதிரிதான், ஒரே வீட்டில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

மழை வந்தது. அந்த வருடம் மழை அதிகமில்லை, சும்மா வருகிற மழைதான். ஆனால் எங்கள் காட்டுக்குள் அது நிற்கவேயில்லை. வெளியே வெறித்து வெயில் அடித்த நாட்களிலும் உள்ளே சொட்டியது. கழிக்காத கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பிக்கொண்டே இருந்தன. பந்தலாகக் கட்டிய கிளைகள் ஊறிக் கனத்து ஒரு பிற்பகலில் கயிறறுந்து புதுச் செடிகளின் மேல் விழுந்தன. ஆவணியில் சரத்தைத் தூக்கிப் பார்த்தால் காய்கள் தவிட்டு நிறமாகி, தொட்டதும் விரலோடு வந்தன. ஏலக்காட்டில் ஏலத்தின் வாசனைதான் வரும். அந்த வருடம் ஊறப்போட்டு மறந்த துணியின் வாசனை வந்தது. கீழ்ச் சரிவிலிருந்து காய் எடுக்கும் பெண்களின் பாட்டு மேலே கேட்டது. எங்கள் ஸ்டோரில் அடுப்பு எரிந்த நாட்கள் சொற்பம்.

மதினி அழவில்லை. “காய் போனா அடுத்த வருசம் வரும். காடு போனா வராது,” என்றார். அந்தக் கணக்கில் பிழையில்லை என்றுதான் நானும் நம்பினேன்.

விமானம் மறுபடி வரவேயில்லை. அதனால் பயம் குறைந்ததா என்றால் இல்லை. வேலை முடிந்ததால்தான் வரவில்லை என்றார் மதினி. கார்த்திகைக்குள் மலை கேரளம் என்று ஆகியிருந்தது. எங்கோ ஒரு ஆபீசில், ஒரு மேசையில், எங்கள் பொத்தல் ஒரு சின்னப் புள்ளியாகப் படிந்து கிடப்பதாக அவர் சதா நினைத்துக்கொண்டிருந்தார். போடிக்கு வந்தால் ஏர்போர்ஸ்காரர் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்.

மாசி கடைசியில் குத்தகையைப் பார்க்கிற அதிகாரி வந்தார். கூடவே வனக்காவலரும், அளக்கும் சங்கிலி தூக்கிய ஒரு சர்வேயரும். நான் அதிகாரியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அண்ணாந்து பார்ப்பார், கையில் உள்ள பையிலிருந்து ஒரு படத்தை எடுப்பார் என்று. அவர் அண்ணாந்து பார்க்கவேயில்லை. கீழேதான் பார்த்தார். தூர் தூராக அழுகி மடிந்த செடிகள். வழியடைத்து வளர்ந்த புதர். மேல் சரிவு முழுக்கப் பாசி. பொத்தல் இருந்த இடத்தைக் கடந்துதான் போனார். விழுந்து மக்கிய பந்தலின் மேல் கொடி படர்ந்து, அது காட்டின் மற்ற இடங்களைப் போலவே இருந்தது.

“இது ஏலக்காடோ, வெறும் காடோ?” என்று கேட்டார்.



நிழல் கழித்து எத்தனை நாளாகிறது, ஏன் கழிக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லையா, நோயா, சொந்த ஊருக்குத் திரும்பிப்போகிற எண்ணமா என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். மிரட்டிக் கேட்கவில்லை. உதவி செய்ய ஒரு காரணம் தேடுகிறவர் மாதிரிதான் கேட்டார். குத்தகை என்பது சாகுபடி செய்வதற்கு. சாகுபடி செய்யாத நிலம் சர்க்காருக்குத் திரும்பும். சாகுபடியைக் கைவிடவில்லை என்று ஒரு காரணம் சொன்னால் போதும் என்றார்.

காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. விமானத்துக்குப் பயந்தோம். ஏன் பயந்தீர்கள் என்பார். மரம் ஒன்று விழுந்தது. விழுந்த மரம் எங்கே என்பார். வனக்காவலர் பக்கத்திலேயே நிற்கிறார். அவருடைய முதுகுக்குப் பின்னால், ஐம்பதடி தள்ளி, சந்தன வேம்பு உத்தரத்தோடு ஸ்டோர் நிற்கிறது. நான் வாயைத் திறக்கப்போகிறேன் என்று எப்படித் தெரிந்ததோ, மதினியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. வளையல் கையில் பதிந்தது.

“பெலமில்ல சாமி,” என்றார் மதினி. “ஒத்தப் பொம்பள. முடியல.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முடியவில்லை என்று சொன்னவருக்கு முடிந்த அளவு கொடுத்தார்கள். கீழ்ப்பாதி குத்தகை தொடர்ந்தது. மேல் சரிவு காட்டோடு சேர்ந்தது.

பங்குனியில் சர்வேயர் மறுபடி வந்து புது எல்லைக்குக் கல் நட்டார். இளைஞர், சாது, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார். மதினி ஒவ்வொரு கல்லுக்கும் கூடவே நடந்தார். சங்கிலியின் மறுமுனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசிக் கல் நட்டு, மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும்போது, பத்து மாதமாக அடக்கி வைத்திருந்ததை ஏதோ வானிலை விசாரிக்கிற மாதிரி கேட்டார். போன வைகாசியில் ஒரு ப்ளேன் வந்து அளந்துகொண்டு போயிற்றே, அந்த அளவும் இந்த அளவும் ஒத்து வருகிறதா என்று.

“ப்ளேனா?” என்றார் அவர். “ஏது ப்ளேன்?”

“சின்னது. வெள்ள. சால் போட்டு வந்துச்சே.”

அவர் தன் ஆளைப் பார்த்தார். அந்த ஆள் உதட்டைப் பிதுக்கினான். அவர்கள் ஆபீசுக்கு அப்படி எந்தப் படமும் வரவில்லை என்றார். அணைக்கு இடம் பார்க்க யாராவது வந்திருக்கலாம், ரோட்டுக்காக இருக்கலாம், பட்டாளத்து வேலையாகக்கூட இருக்கலாம், யாருக்குத் தெரியும். அவர் தரையைத்தான் அளப்பவர். இதையெல்லாம் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. யாருமே பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எங்களைப் பார்க்கவில்லை. நாங்கள்தான் பார்க்கப்பட்டோம் என்று நம்பி, பாதிக் காட்டை எங்கள் கையாலேயே இருட்டாக்கிக் கொடுத்துவிட்டோம். திரும்பி மதினியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சர்வேயரும் ஆளும் இறங்கிப் போனார்கள். சங்கிலிச் சத்தம் ஓயும் வரை மதினி நின்றார். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“ஏது ப்ளேனுன்னு கேட்டான் பாத்தியா,” என்றார். “கொஞ்சங்கூட மொகம் மாறாமக் கேட்டான். நல்லாப் பழக்கித்தான் அனுப்பிருக்காக.”

வைகாசியில் கீழ்ப்பாதியில் கவாத்து நடந்தது. அதே குரங்கணி ஆள்தான். மதினி அவனை மரத்தில் ஏற்றிவிட்டு, அரிவாளைக் கயிற்றில் கட்டி அனுப்பாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மொதல்ல சுத்திப் பாரு அப்பு, என்றார். அவன் பார்த்தான். காதக் குடுத்துக் கேளு, என்றார். அவன் கேட்டான். நாங்களும் கேட்டோம். ஒன்றும் இல்லை என்று அவன் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அரிவாளைக் கயிற்றில் கட்டினார்.